சன்னாசி உடைத்த அணை

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நல்லம்மாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் ஆட்கள் அதைப் பேய்க் கதையாகத்தான் முடிப்பார்கள். ஈப்போ பக்கம் புந்தோங்கில் பழைய தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் போதும், பேச்சு பாயாவுக்குப் போய்விடும், அங்கிருந்து சன்னாசிக்குப் போய்விடும். அவர்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நல்லம்மாளே என்னிடம் சொன்னாள். அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. இனிமேல் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை.

எங்கள் தோட்டம் செமோரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் பலகையில் இருந்தது. எங்கள் வாயில் அது பாயாத் தோட்டம். பாயா என்றால் மலாயில் சதுப்பு நிலம். மேட்டில் ரப்பர் மரம், பள்ளத்தில் பாயா. சம்பளம் மேட்டிலிருந்து வரும், கறி பள்ளத்திலிருந்து வரும். விரால், கெளுத்தி, கங்கோங் கீரை எதையும் நாங்கள் கடையில் வாங்கியதில்லை. தண்ணீர் பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அடியில் கறுப்பு மண், கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும், சில இடங்களில் ஆளையே இழுத்துவிடும். எந்த இடம் என்று மீன் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நல்லம்மாள் லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பால் மரம் வெட்டுகிறவள், ரப்பர் பாலுக்காகப் பட்டையைக் கீறுகிற வேலை. கையும் வேகம், வாயும் வேகம். அவள் புருஷன் சன்னாசி அதற்கு நேர்மாறு. கேட்டால்தான் பேசுவார், அதுவும் இரண்டு தடவை கேட்க வேண்டும். பிள்ளைகள் இல்லை. மழை பெய்தால் மரம் வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. அந்த மாதிரி நாட்களில் சன்னாசி மூங்கில் கூட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு மீனுக்குப் போய்விடுவார். எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் அடைமழை. ஒரு காலை அப்படித்தான் போனார். சாயங்காலம் கூடு மட்டும் மிதந்து வந்தது.

தோட்டமே இறங்கித் தேடியது. பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்கள் படகு கொண்டுவந்தார்கள், போலீஸ் வந்தது. ஆள் கிடைக்கவில்லை, சட்டைகூடக் கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காமல் காரியம் செய்யக்கூடாது, எங்காவது உயிரோடு இருந்தால் பாவம் வந்து சேரும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தாலி கழுத்தில் இருக்கட்டும், பார்ப்போம் என்றார்கள். சொல்லிவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அது அன்றோடு முடிந்தது.

ஆள் கிடைக்காவிட்டால் என்ன, கதை கிடைத்துவிடும். சன்னாசி செத்தெல்லாம் போகவில்லை, கூட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு வேறொருத்தியோடு போய்விட்டார் என்றார்கள். பிள்ளை இல்லாதவளோடு எவன் காலம் தள்ளுவான் என்றார்கள். எதிர் லயத்துச் செல்லாயி இன்னும் ஒரு படி மேலே போய், சித்தியவான் பஸ் நிலையத்தில் கண்ணால் பார்த்தேன், கூட ஒரு சயாம்காரி நின்றாள் என்றாள். அதற்குப் பிறகு அக்கா பொட்டு வைத்தால், 'விட்டுட்டுப் போனவனுக்குப் பொட்டைப் பாரு' என்று சிரித்தார்கள். வைக்காமல் இருந்திருந்தால், 'உயிரோட இருக்கிறவனைச் சாகடிக்கிறா' என்றிருப்பார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

"அவரு எங்கயும் போகல. பாயாவுலதான் இருக்காரு," என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள். கொஞ்ச நாளில் சொல்வதை விட்டுவிட்டாள். சந்தேகம் அவளுக்கே வந்துவிட்டது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியும். மரம் வெட்டும்போது திடீரென்று சித்தியவான் பஸ் நிலையம் கண்ணுக்கு முன்னால் வருமாம். அவள் அந்த ஊருக்குப் போனதே இல்லை. ஆனாலும் அந்தச் சயாம்காரியின் செருப்பு என்ன நிறம் என்றுகூட அவளுக்குத் தெரிந்ததாம்.

எழுபத்து நான்கில் தோட்டம் கை மாறியது. புதிதாக வந்தவர்கள் பாயாவை வற்றடித்து எண்ணெய்க்குச் செம்பனை போடப் போகிறோம் என்றார்கள். இயந்திரம் வந்து ஆள் உயரத்துக்குப் பெரிய பாரிட் ஒன்றை வெட்டியது. பாரிட் என்றால் வாய்க்கால்தான். தண்ணீர் அதன் வழியாக ஆற்றுக்கு ஓடிப்போனது. லயத்தில் எல்லோருக்கும் மீன் போன கவலை. சந்தோஷப்பட்டவள் அக்கா ஒருத்திதான். தண்ணீர் வற்றினால் எலும்பு தெரியும். எலும்பு தெரிந்தால் அவர் அவளை விட்டுப் போகவில்லை என்று தெரியும். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இயந்திரத்துக்குப் பின்னாலேயே நடந்தாள். மண்ணைக் கொட்டக் கொட்டக் கையால் அளைந்து பார்த்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்வெட்டியோடு இறங்கி, தோண்டிப் பார்த்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, பழைய சாரோங்கைக் கிழித்து அதில் கட்டிவைத்தாள். ஒருமுறை எலும்பு அகப்பட்டது. மடியில் போட்டுக்கொண்டு லயத்துக்கே ஓடி வந்துவிட்டாள். பத்துமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மெதுவாக, "அண்ணி, இது எருமையுது," என்றான். பத்துமலை சன்னாசியின் தம்பி. அக்கா எலும்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், எடுத்த இடத்திலேயே புதைத்துவிட்டு வந்தாள். எருமைக்கும் யாராவது இருப்பார்கள் என்று சொன்னாள்.

பாயா சும்மா விடவில்லை. காய்ந்த மண் தூளாகி உள்வாங்கியது. செம்பனை வேர் பிடிக்காமல் குடிகாரர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றது. பாரிட் தண்ணீர் துருப்பிடித்துப் புளித்தது. வெயில் காலத்தில் யாரோ போட்ட சுருட்டு நெருப்பில் மண்ணே பற்றிக்கொண்டது. மேலே தீ தெரியாது, அடியில் புகையும். கால் வைத்தால் சுடும். அந்தப் புகைக்குள் ஒரு பெண் குனிந்து குனிந்து தோண்டிக்கொண்டிருப்பாள், அவளைச் சுற்றிக் கிழிந்த துணிகள் ஆடும். பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். என்னைக் கேட்டால், நானும்தான்.

பிறகு லயத்துக் கிணறு வற்றியது. பாயாவில் தண்ணீர் நின்றதால்தான் கிணற்றில் ஊறியது என்பது வற்றின பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பெண்கள் மேட்டைத் தாண்டிப் போய்த் தண்ணீர் தூக்கினார்கள். கீரை இல்லை, மீன் இல்லை, கொல்லையில் போட்ட மிளகாய்ச் செடிகூடக் கருகியது. ஒவ்வொரு குடும்பமாகச் சாமானைக் கட்டிக்கொண்டு புந்தோங் பக்கம் லாரி ஏறியது. கம்பெனியும் பள்ளத்தைக் கைகழுவிவிட்டது.

எண்பதில் ஒரு பெரிய மரம் சரிந்து பாரிட்டின் மேல்முனையில் குறுக்கே விழுந்தது. எடுக்க ஆள் வரவில்லை. அந்த மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கியது. ஒரு மழைக்காலம் போனதும் அங்கே கங்கோங் படர்ந்தது, எங்கிருந்தோ கெளுத்திக் குஞ்சு வந்தது. மேல்லயத்துக் கிணற்றில் வாளி முங்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. பாரிட் வெட்டும் வேலையில் பழகிய லூர்துசாமி அண்ணன் கிணற்றையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மரம் செஞ்சத நாம செய்ய முடியாதாலா?" என்று கேட்டார். அவ்வளவுதான். உரச் சாக்கில் களிமண் நிரப்பி அடுக்குவது, தண்ணீர் வழிய மேலே ஒரு பலகை வைப்பது, கம்பத்து ஆட்களும் சேர்ந்து கூலியில்லாமல் கோத்தோங் ரோயோங்காகச் செய்வது என்று பேச்சானது. ஆபீசில் கேட்டதற்கு, நின்றால் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பத்துமலை போய் அக்காவிடம் சொன்னான். நானும் கூட இருந்தேன்.

"இன்னும் பாதி தோண்டலடா," என்றாள் அக்கா. "கொஞ்ச நாளு பொறு. தண்ணிய வுட்டுட்டா அப்புறம் எங்க போயித் தேடுவேன்?"

"அண்ணி, கிணத்துல தண்ணி இல்ல. ரொம்ப சூசாலா, கஷ்டமா இருக்கு. புள்ளத்தாச்சிங்க மேடேறித் தண்ணி தூக்குதுங்க. நீங்களுந்தான் தூக்குறீங்க."

"உங்கண்ணன்டா அவரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் அங்கேதான் இருக்கிறார் என்று சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை. சித்தியவான் கதையில் அவனுக்கும் பாதி நம்பிக்கை இருந்தது. அது அக்காவுக்குத் தெரிந்துபோனது.

அணை போட்டோம். நானும் சாக்கு சுமந்தேன், தோள்பட்டை இன்னமும் வலிக்கிறது. மூன்று ஞாயிறு வேலை. தண்ணீர் மெல்ல ஏறிவந்தபோது கீழே இருந்த குச்சிகள் ஒவ்வொன்றாய் முழுகின. அடுத்த வாரம் ஒரு காலையில் பார்த்தால் அணை திறந்து கிடந்தது, தண்ணீர் பூராவும் போய்விட்டது. சாக்கு சரியாக அடுக்கவில்லை என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு மறுபடி போட்டோம். மறுபடியும் உடைந்தது.

உடைத்தவள் அக்கா. பெரட்டுக்கு முன்னால், ஆள் நடமாட்டம் இல்லாத விடியலில், மண்வெட்டியால் அடிச்சாக்கு ஒன்றை இழுத்துவிட்டாள். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. பிறகு எல்லோரோடும் பெரட்டில் நின்று பேர் கொடுத்தாள். யாருக்கும் அவள்மேல் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய ஆள் ஒருவர் அகப்பட்டுவிட்டார்.

சன்னாசிதான் உடைக்கிறார் என்று முதலில் யார் சொன்னது என்று தெரியவில்லை. தோட்டத்துக் கோயில் பூசாரி ஆமோதித்தார். காரியம் செய்யாத ஆவி, தண்ணீர் ஏறினால் மூச்சு முட்டுகிறது, அதனால் உடைக்கிறது என்றார். விடியலில் அணைப் பக்கம் ஓர் உருவத்தைப் பார்த்ததாக இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள். பார்த்திருப்பார்கள், பொய்யில்லை. லூர்துசாமி அண்ணன் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சிரித்தார். மறுநாள் ஈப்போவுக்குப் போய் மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து சாக்குகளின்மேல் தெளித்தார். எதற்கும் இருக்கட்டும் என்றார்.

பத்துமலை எல்லோரையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்கு வந்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் கோவமா இருக்காரு. இத்தன வருஷமா காரியம் செய்யாமப் போட்டுட்டோம். அதான் அணையப் போட விடமாட்டேங்குறாரு. புல்லுல உருவம் செஞ்சு எரிச்சுக் காரியத்த முடிச்சிடலாம்னு பூசாரி சொல்றாரு. நீங்க சரின்னு சொல்லணும்."

அக்கா அவனையே பார்த்தாள். "உங்கண்ணன் எங்கடா இருக்காரு?"

"பாயாவுலதான் அண்ணி. வேற எங்க?"

"இன்னொருக்கா சொல்லு."

"பாயாவுலதான் அண்ணி. எங்கண்ணன் உங்கள வுட்டுட்டு எங்கயும் போகல." சொல்லும்போதே அவன் அழுதுவிட்டான்.

அக்கா கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டினாள். பின்னால் பதுங்கி நின்ற செல்லாயியைக் கண்டுபிடித்தாள். "நீ சித்தியவான்ல பாத்தியே?"

"அது யாரோக்கா," என்றாள் செல்லாயி. "முதுகத்தான் பாத்தேன். மூஞ்சியப் பாக்கல."

"முதுகுன்னு இப்ப வந்து சொல்றியேடி," என்றாள் அக்கா. கத்தவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே, "செய்யுங்க," என்று குரல் வந்தது.

எலும்பு கிடைத்தால் என்ன கிடைத்திருக்குமோ அது எலும்பு இல்லாமலே கிடைத்துவிட்டது. ஊர் முழுக்க அவள் புருஷன் அவளோடுதான் இருந்து செத்தார் என்று ஒத்துக்கொண்டது. நான் அன்று சந்தோஷப்பட்டேன். ஆனால் ஊர் நம்பியதற்குச் சாட்சி என்ன? அணை உடைந்தது. அணையை உடைத்தது யார்? அவள். அவளைத் தவிர எல்லோருக்கும் சன்னாசி பாயாவில் இருந்தார். அவளுக்கு மட்டும் அவர் இன்னும் சித்தியவான் பஸ் நிலையத்தில், மூஞ்சி தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். தாலியைக் கழற்றும் நாளைக் குறித்துவிட்டார்கள். உயிரோடு இருக்கும் மனுஷனுக்கு நாமே கொள்ளி வைக்கப் போகிறோமோ என்று அவள் சோறு இறங்காமல் கிடந்தாளாம். உண்மையைச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் சன்னாசி மறுபடியும் ஓடிப்போனவராகிவிடுவார்.

அதற்குள் அணையை மூன்றாம் முறையாகப் போட்டுவிட்டோம். அக்கா அதைத் தொடவில்லை. காரியத்துக்கு முதல் நாள் நல்ல மழை. ஞாயிறு காலையில் லாலான் புல்லால் செய்த உருவத்துக்குத் தேங்காயைத் தலையாக வைத்து, சன்னாசியின் பழைய சட்டையைப் போட்டுவிட்டு, கரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். போய்ப் பார்த்தால் அணை நடுவில் பிளந்து கிடந்தது. தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது.

"அண்ணே, உனக்குத்தானே செய்ய வந்தோம், அதுக்குள்ள என்னாண்ணே!" என்று பத்துமலை கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பூசாரி நாலடி பின்னால் போனார். லூர்துசாமி அண்ணன் மட்டும் மழை, மழை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை யார் காதில் வாங்குவது?

நான் அக்காவைப் பார்த்தேன். அந்தப் பிளவையே பார்த்துக்கொண்டு நின்றவள், யாரும் தடுப்பதற்குள் சேலையோடு பாரிட்டில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். தாலி வாங்குவதற்கென்று வந்திருந்த கிழவிகள் கூப்பாடு போட்டார்கள். அவள் திரும்பவில்லை. தன் கையாலேயே தாலியைக் கழற்றி, தண்ணீருக்குள் வைத்து விரலைத் திறந்தாள்.

"என்னாங்க," என்றாள், பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதுபோல. "போதும். தெரிஞ்சுகிட்டேன்."

அன்றைக்கே உருவத்தை எரித்தோம். அன்றைக்கே சாக்கும் சுமந்தோம். லூர்துசாமி அண்ணன் சொன்னபடி வழிபலகையை அகலமாக வைத்தோம். அதற்குப் பிறகு அணை உடையவே இல்லை. பூசாரிக்குப் பெரிய பேர். பலகைக்குக் கிடைக்கவில்லை.

பாயா இரண்டு மழைக்காலத்தில் திரும்பி வந்தது. மண் புகைவது நின்றது, கிணறு ஊறியது. கம்பத்துப் பெண்கள் மெங்குவாங் தாழைக் கன்று கொண்டுவந்து கரை நெடுகிலும் நட்டார்கள். பின்னால் அதை அறுத்துப் பாய் முடைந்து விற்றார்கள். எங்கள் பெண்கள் கங்கோங்கைக் கட்டுக்கட்டாகச் செமோர் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். பத்துமலை மரம் வெட்டை விட்டுவிட்டு வாத்தும் மீனுமாகப் பிழைத்தான். அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு விரால் நல்லது என்று ஈப்போவிலிருந்து சீனர்கள் தேடி வந்து வாங்கினார்கள். போன குடும்பங்களில் சில திரும்பி வந்தன. அக்கா விடியலில் எழுந்துபோய் வழிபலகையில் அடைக்கும் இலை தழைகளை அள்ளிப்போடுவாள். யாரும் அவளிடம் அந்த வேலையைச் சொல்லவில்லை. ஆனால் அந்த மீனில் ஒரு துண்டுகூட அவள் வாயில் வைக்கவில்லை.

எண்பத்தாறில் அவளுக்கு வயிற்றில் கட்டி. ஈப்போவில் அறுத்து எடுத்தார்கள். புந்தோங்கில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் படுத்திருந்தாள். நான் பத்துமலையிடம் விரால் வாங்கி, சூப் வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோனேன். புண் ஆறும் என்றேன். அவள் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டாள். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். "மொத ரெண்டு வாட்டி நான்டா. மூணாவது வாட்டி நான் இல்ல."

எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே. "அக்கா, அது மழக்கா. மொத நாளு பூரா கொட்டுச்சு. லூர்துசாமி அண்ணன் அன்னிக்கே சொன்னாரு," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "ரெண்டு வாட்டி ஒடச்சவடா நான். சாக்கு எப்படிச் சரியும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் எழுந்தேன்.

"அத்தன வருஷம் அந்த மண்ணுகிட்ட கேட்டேன். ஒரு பதிலு வரல," என்றாள். "அவருகிட்டேருந்து எனக்கு வந்தது அது ஒண்ணுதான். அதையும் மழைக்குத் தூக்கிக் குடுத்துடச் சொல்றியா?"

"வேணாங்க்கா," என்றேன்.